இரண்டு தாய்நாடுகளுக்கு அளந்த பொன்

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கரியடுப்பும் ஊதுகுழலும் உரைகல்லும் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் சின்னஞ்சிறு தராசுமாக இருந்த ஓர் ஆசாரியின் பட்டறைக்கு என் ஆயா என்னைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றபோது எனக்கு ஏழு வயது. ஆயா தன் தாலிச் சரட்டில் கோத்திருந்த பொன் குண்டுகளில் இரண்டை உருவி அவர் முன் வைத்தாள். ஆசாரி அவற்றை உரைகல்லில் இழைத்துப் பார்த்து, தராசுத் தட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் குன்றிமணிகளை இட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு முள்ளைப் பார்த்துவிட்டு, "கால் சவரனுக்கு ரெண்டு மணி கம்மிம்மா" என்றார். அவள் எதற்காக அன்று அந்தப் பொன்னை நிறுக்கக் கொடுத்தாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்த வயதில் என் மனத்தில் தங்கியது 'சவரன்' என்ற சொல் ஒன்றுதான்.

சவரன் என்பது ஆங்கில மன்னரின் தலை பொறித்த பொற்காசு. 22 காரட் மாற்று, எட்டு கிராமுக்கு ஒரு துளி குறைந்த எடை. ஒரு பவுன் மதிப்புள்ள காசாகையால் அதையே பவுன் என்றும் நம் முன்னோர் வழங்கினர். அந்த மன்னர் போய், அவருடைய சாம்ராஜ்யமும் போய், நம்முடைய எடைகள் கிராமுக்கு மாறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும், தமிழ்நாட்டில் சம்பந்தம் பேசும் கூடங்களிலெல்லாம் அந்தக் காசே அளவுகோலாக நிற்கிறது. எங்கள் கோலார் தங்கவயலின் பாறையிலிருந்து எங்கள் பாட்டன்மார் உடைத்தெடுத்த பொன்னை, எங்கள் வீட்டுப் பெண்ணின் கழுத்துக்கு நிறுக்கும்போதும் சீமை மன்னரின் காசைக் கொண்டே நிறுத்தோம். ஒரு காலனி நாட்டுக்கும் அதை ஆண்ட நாட்டுக்கும் இடையே நடந்த வர்த்தகத்தின் வரலாற்றைப் படிக்க நான் பின்னாளில் பல நூல்களைத் தேடிப் போனதுண்டு. ஆனால் அதன் முதல் பாடத்தை அந்தப் பட்டறையின் வாசற்படியில் உட்கார்ந்தே கேட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

தேசாபிமானத்தை முன்னிட்டுப் பொருள் வாங்குதல், அதாவது விலை சற்றுக் கூடினாலும் தரம் சற்றுக் குறைந்தாலும் தன் நாட்டுச் சரக்கையே வாங்குவது என்னும் விரதம், நம் நாட்டில் சுதேசி என்னும் பெயரால் பெருமை பெற்றது. அந்த விரதத்தை நம்மை ஆண்டவர்களும் தங்கள் நாட்டுக்காகத் தங்கள் முறையில் அனுஷ்டித்தார்கள் என்பதும், அந்த இரண்டு விரதங்களும் சந்தித்த இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று என்பதும் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. வாங்குகிறவனின் பக்கத்திலிருந்து இந்த விஷயத்தை எழுதியவர்கள் பலர். பொன்னை வெட்டிக் கொடுத்தவனின் பக்கத்திலிருந்து அதைப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

தங்கவயலின் பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். திப்பு சுல்தான் வீழ்ந்த பின் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் 1802-இல் ஊரிகம், மாரிகுப்பம் பகுதிக் கிராமத்தார் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு குறிப்பெழுதி வைத்தார். நியூசிலாந்துப் போரில் சேவித்து ஓய்வுபெற்றுப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லாவெல் என்னும் ஐரிஷ் சிப்பாய் அந்தப் பழைய குறிப்பைப் படித்துவிட்டு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டு, 1875-இல் மைசூர் அரசாங்கத்திடம் தோண்டுவதற்கான உரிமையைப் பெற்றார். 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்துக்கு வந்தது. மூன்று நான்கு ஆண்டுகள் பணத்தை விழுங்கிய பிறகு சாம்பியன் ரீஃப் என்னும் பொன்ரேகை அகப்பட்டதும், மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. அவற்றின் பங்குதாரர்கள் லண்டனில் இருந்தார்கள். பூமிக்குள் இறங்கினவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களில் பண்ணையடிமை வாழ்வை உதறிவிட்டு மூட்டை முடிச்சோடு வந்த ஒடுக்கப்பட்ட குலத்துத் தமிழர்கள். அவர்களை வேலை வாங்குவதற்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்துத் தகரச் சுரங்கங்களில் பழகிய கேப்டன்மார் வந்தார்கள். 1894-இல் பௌரிங்பேட்டை என்று அன்று பெயர் கொண்டிருந்த பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ரயில் பாதை போடப்பட்டது. அந்தப் பாதை வழியாகப் பொன்கட்டிகள் காவலோடு வெளியேறிக் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தன.

அந்தப் பாதையிலேயே திரும்பி வந்தவை என்ன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சீமை என்ற சொல்லுக்கு ஆதியில் எல்லைக்குட்பட்ட ஒரு நாடு என்பதே பொருள். சிவகங்கைச் சீமை, இராமநாதபுரச் சீமை என்று நம் நாட்டையே அப்படிச் சொல்லி வந்தோம். வெள்ளையர் ஆட்சி நிலைபெற்ற பிறகு, அடைமொழி எதுவும் இல்லாமல் சீமை என்றாலே இங்கிலாந்து என்று ஆகிவிட்டது. சீமைத்துணி, சீமைச்சாராயம், சீமையோடு, சீமைச்சுண்ணாம்பு, சீமையெண்ணெய் என்று ஒவ்வொரு பண்டத்தின் தலையிலும் அந்தச் சொல் ஏறி உட்கார்ந்தது. விளக்குக்கு ஊற்றிய சீமையெண்ணெய் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் வந்ததாயிருந்தாலும், கடல் தாண்டி வந்ததெல்லாம் நம் மக்களுக்குச் சீமைச் சரக்குத்தான். தன் சொந்த நாட்டைக் குறித்த ஒரு சொல்லை ஆண்டவனின் நாட்டுக்குத் தத்தம் செய்துவிட்டு அதைக் கடையில் விலை கொடுத்துத் திரும்ப வாங்கிய ஜனங்கள் நாம் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

தங்கவயலில் இருந்த ஆங்கிலேயரோ சீமை என்று சொல்வதில்லை, 'ஹோம்' என்றார்கள். அவர்கள் வாழ்ந்த பகுதிக்குச் சின்ன இங்கிலாந்து என்றே பேர் விழுந்தது. சரிந்த கூரை பங்களாக்களும், 1885-இல் தொடங்கிய கிளப்பும், பாறைக்காட்டில் உண்டாக்கிய கோல்ஃப் மைதானமும், மணிக்கூடு வைத்த மாதா கோவில்களும் அமைந்த அந்தக் குடியிருப்பில், பிஸ்கட்டிலிருந்து பியானோ வரை கப்பலில் வந்திறங்கின. தாய்நாட்டை விட்டு ஆறாயிரம் மைல் தள்ளி வாழ்பவன் தன் ஊர்ப் பண்டத்தை ஆசையோடு வாங்குவதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. கோலாலம்பூரில் இருக்கும் தமிழன் கும்பகோணம் வெற்றிலைக்கு ஏங்குவதும் அதே மனம்தான். ஆனால் அந்த ஆசையை ஓர் அரசாங்கம் தன் கையில் எடுத்துக்கொண்டு, அதையே குடிமக்களின் கடமையாக்கிப் பிரசாரம் செய்த காலம் ஒன்று வந்தது.

லண்டனில் 1926-இல் சாம்ராஜ்ய விற்பனை வாரியம் என்று ஒன்றை அரசாங்கம் நிறுவியது. சாம்ராஜ்யத்துப் பொருள்களையே வாங்குங்கள் என்று வண்ணச் சுவரொட்டிகளாலும் சினிமாப் படங்களாலும் கடைவீதி விழாக்களாலும் பிரிட்டிஷ் குடும்பத்துப் பெண்மணிகளுக்கு எடுத்துச் சொல்வது அதன் வேலை. 1927-இல் மன்னரின் அரண்மனைச் சமையற்காரர் கொடுத்த கிறிஸ்துமஸ் புட்டிங்கின் பக்குவத்தை அது அச்சடித்து வினியோகித்தது. அந்தப் பக்குவத்தில் உலர்ந்த திராட்சை ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும், ரம் ஜமைக்காவிலிருந்தும், பிராந்தி சைப்ரஸிலிருந்தும், கிராம்பு ஜான்சிபாரிலிருந்தும், மசாலை இந்தியாவிலிருந்தும் வர வேண்டும். ஒரு பாத்திரத்துக்குள் ஒரு சாம்ராஜ்யத்தையே கிளறி வேகவைத்துப் பண்டிகை நாளில் பிள்ளைகளுக்குப் பரிமாறுவதைப்போல் வலிமையான பிரசாரம் வேறு இருக்க முடியாது. 1931-இல் பவுனின் மதிப்பு சரிந்தபோது, பிரிட்டிஷ் பொருளையே வாங்குங்கள் என்று வேல்ஸ் இளவரசரே வானொலியில் பேசினார். கல்கத்தாவிலும் தூத்துக்குடியிலும் நம்மவர் சொன்னபோது ராஜத்துரோகமாகக் கருதப்பட்ட அதே உபதேசம், லண்டனில் இளவரசரின் வாயிலிருந்து தேச சேவையாக வெளிப்பட்டது.

கூலிக்காரனுக்கும் குடும்பப் பெண்ணுக்கும் உபதேசிக்கப்பட்ட இந்த அபிமானம், பெரும் முதலீடு செய்தவர்களைக் கட்டுப்படுத்தியதா என்று கேட்டால், அதற்கு எங்கள் ஊரே பதில் சொல்லும். நூறு அடி இறங்க இறங்கச் செலவு ஏறிக்கொண்டிருந்த சுரங்கங்களுக்கு மலிவான விசை வேண்டியிருந்தது. காவேரி சிவசமுத்திரத்தில் விழுந்து வீணாகும் வேகத்தை மின்சாரமாக்கித் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்ற யோசனையை, மைசூர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் தைரியமாக ஏற்றுக்கொண்டார். அதற்காக ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றி வந்தவர், கனடாவில் பிறந்து பிரிட்டிஷ் ராணுவப் பொறியியல் பிரிவில் இருந்த கேப்டன் ஜோலி டி லாட்பினியேர். மைசூர் பிரிட்டிஷ் பாதுகாப்பிலுள்ள சமஸ்தானம். மின்சாரத்தை வாங்கப்போவது லண்டன் கம்பெனிகள். ஆதலால் இயந்திரங்களும் இங்கிலாந்திலிருந்தே வந்திருக்க வேண்டும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து வந்தன. நீர்ச்சக்கரங்கள் ஸ்விட்ஜர்லாந்தின் எஷர் வீஸ் கம்பெனியிலிருந்து வந்தன. 1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, 92 மைல் தூரம் கம்பி வழியே ஓடி வந்த மின்சாரம் தங்கவயல் இயந்திரங்களைச் சுழற்றியபோது, அதைக் கனவு கண்ட சேஷாத்ரி ஐயர் காலமாகி ஓராண்டு முடியவில்லை. உயர்ந்த அழுத்தத்தில் நெடுந்தூரம் மின்சாரம் அனுப்பும் வித்தை அன்று அமெரிக்கரிடம் இருந்தது, அவர்களிடம் வாங்கினார்கள். அது சரியான தீர்மானம் என்றே நானும் சொல்வேன். எது நல்லது, எது லாபம் என்று பார்த்து வாங்கும் சுதந்திரம் பணம் உள்ளவனுக்கு இருந்தது. தாய்நாட்டுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்ற விரதம், அந்தச் சுதந்திரம் இல்லாதவனின் தலையில்தான் ஏற்றப்பட்டது.

சிவசமுத்திரத்து மின்சாரத்தால் சமஸ்தானத்துக்கு வேறொரு நன்மையும் விளைந்தது. தங்கவயல் என்னும் நிரந்தரமான வாடிக்கையின் பலத்தால்தான் மைசூர் மின்சாரத் துறை நிலைத்தது. கண்ணம்பாடி அணையைக் கட்டுவதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில், சுரங்கங்களுக்குத் தடையில்லாமல் மின்சாரம் தர வேண்டும் என்பதும் ஒன்று. விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலத்தில், முதல் உலகப் போரால் சந்தனக்கட்டை ஐரோப்பாவுக்குப் போவது தடைப்பட, அதை இங்கேயே காய்ச்சித் தைலம் இறக்கும் தொழிற்சாலை 1916-இல் பெங்களூரில் எழுந்தது. தொடர்ந்து மைசூர் சாண்டல் சோப்பு பிறந்தது. சுதேசிப் பொருள் என்று நாம் மார்தட்டிக்கொண்ட அந்தச் சோப்புக்குப் பின்னாலும் ஒரு சீமைச் சந்தை கைவிட்ட கதை இருக்கிறது.

1905-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். தங்கவயலின் விளைச்சல் உச்சத்தை எட்டியது அந்த ஆண்டில்தான். ஒரே ஆண்டில் ஏறக்குறைய 19 டன் பொன். சிவசமுத்திர மின்சாரத்தால் பெங்களூர்த் தெருவில் முதன்முதலாக விளக்கெரிந்தது அந்த ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி. இரண்டே நாள் கழித்து, ஆகஸ்டு 7-ஆம் தேதி, வங்காளப் பிரிவினையை எதிர்த்துக் கல்கத்தா நகர மண்டபத்தில் கூடியவர்கள் அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். தெற்கே அந்தத் தீயை ஏந்தியவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906 அக்டோபரில் பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகச் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்து, பிரான்ஸிலிருந்து கப்பல்களை வாங்கி வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இன்னும் குறைத்தது, பயணிகளுக்குக் குடை கூட இனாமாகக் கொடுத்துப் பார்த்தது. தேசாபிமானத்தால் ஒருவன் எட்டணா அதிகம் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறுவானா என்ற கேள்வியை நம் நாட்டில் அவ்வளவு கூர்மையாகக் கேட்ட இடம் வேறில்லை. பலர் ஏறினார்கள் என்பது நம்முடைய கௌரவம்.

ஆயினும் பிள்ளையவர்களை நான் வணங்குவது கப்பலுக்காக மட்டுமல்ல. 1908 தொடக்கத்தில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் அவர்களோடு நின்றார், கூலியும் உயர்ந்தது. கூலி உயராத ஜனத்திடம் சுதேசிப் பொருளை வாங்கு என்று சொல்வது வெறும் பேச்சு என்பதை அந்தப் பெருமகன் அறிந்திருந்தார் என்றே நான் கொள்கிறேன். மார்ச்சு 12-ஆம் தேதி அவரைக் கைது செய்தார்கள். கப்பல் கம்பெனியும் 1911-இல் கலைந்தது.

அதே காலத்தில் சென்னை ராயப்பேட்டையிலிருந்து, 1907 ஜூனில் தொடங்கி, வாரந்தோறும் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார் பண்டித அயோத்திதாசர். அவர் சுதேசி இயக்கத்தை ஏற்கவில்லை. யார் சுதேசிகள் என்பதே அவருடைய கேள்வி. தன் ஊர்க் குளத்துத் தண்ணீரைத் தன் ஊரானே மொள்ளக்கூடாது என்று தடுக்கிறவன், அந்நியன் நெய்த துணியை எரித்துவிட்டதால் மட்டும் தேசபக்தனாகிவிடுவானா என்று அவர் இடித்துக் கேட்டார். வெள்ளையரிடம் அவர் வைத்த நம்பிக்கை அளவு மீறியது என்று இன்று வாசிக்கும் எனக்குப் படுகிறது. பொன் எங்கே போனது என்பதை அவர் இன்னும் கடுமையாக விசாரித்திருக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இன்று வரையில் முழுப் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட ஊர் தங்கவயல். மாரிகுப்பத்தில் அவருடைய பௌத்த சங்கத்தின் கிளை தழைத்தது; அவர் 1914-இல் மறைந்த பின், 1926-இல் 'தமிழன்' பத்திரிகை ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. அவருடைய எழுத்துகள் இங்குள்ள சித்தார்த்தா புத்தகசாலை வழியாக அச்சேறின. பகலெல்லாம் பாறை உடைத்த கைகள் இரவில் அந்தப் பக்கங்களைப் புரட்டின.

இப்படிப் புரட்டியவர்கள் கடைக்குப் போனால் எதை வாங்கினார்கள்? என் தாத்தாவின் கணக்கு எனக்குத் தெரியும். பட்டுவாடா நாளன்று மேஸ்திரியின் பிடித்தமும் வட்டிக்கடைக்காரரின் பங்கும் போக மிஞ்சிய காசு, ரங்கூன் அரிசிக்கும் ராகிக்கும் கருவாட்டுக்கும் விளக்கெண்ணெய்க்கும் சரியாக இருந்தது. துணி ஆண்டுக்கு ஒரு முறை. அதுவும் எது மலிவோ அது. அவருக்குக் கதர் வாங்குவதும் சீமைமல் வாங்குவதும் கொள்கையைப் பற்றிய விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை, ஏனெனில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பணம் அவர் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. சுரங்கத்தில் பத்தாயிரம் அடி ஆழத்துக்கும் கீழே, தொட்டால் சுடும் பாறைக்கு நடுவில், ஏர்பிளாஸ்ட் என்னும் பாறைவெடிப்பு எந்த நேரம் நிகழுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு துளைபோட்ட அவர், மேலே வந்ததும் சோதனை வாசலில் கைகளை உயர்த்தி நின்று, வாயைத் திறந்து காட்டிவிட்டு வீடு திரும்புவார். அவர் வாழ்நாளில் தொட்ட பொன் தாலிகட்டும் நாளில் தொட்டதுதான். துளைக்கருவியிலிருந்து பறந்த படிகத்தூள் அவருடைய நெஞ்சில் படிந்து, ஐம்பது வயதுக்கு முன்னரே இரவெல்லாம் இருமி இருமி மாய்ந்தார். சாம்ராஜ்யத்தின் புட்டிங்குக்கு மசாலை எந்த நாட்டிலிருந்து வர வேண்டும் என்று விவரமாக எழுதி வைத்தவர்கள், அதை வாங்கும் பவுனுக்கு ஆதாரமான பொன் எந்த நெஞ்சிலிருந்து வந்தது என்பதை எழுதி வைக்கவில்லை.

முதல் உலகப் போரின்போது ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. லண்டனிலிருந்து காசு கொண்டுவருவது கடினமாகிவிடவே, பம்பாய் நாணயசாலையிலேயே லண்டன் நாணயசாலையின் கிளை ஒன்றைத் திறந்து, 1918-இல் ஏறக்குறைய 13 லட்சம் சவரன்களை அடித்தார்கள். மன்னரின் தலையும் குதிரைமேல் வீரனும் லண்டன் காசில் இருப்பதுபோலவே இருக்க, இந்தியாவில் அடித்தது என்பதற்கு அடையாளமாக 'ஐ' என்ற ஒரே ஓர் ஆங்கில எழுத்தை மட்டும் சிறிதாகப் பொறித்தார்கள். அந்தக் கிளை அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அப்படிப்பட்ட காசு ஒன்றை ஒரு சேகரிப்பாளரின் வீட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, நம் மண்ணுக்கு அவ்வளவு பெரிய சாம்ராஜ்யம் கொடுத்த இடம் இவ்வளவுதானா என்று நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1931 செப்டம்பரில் இங்கிலாந்து பவுனைப் பொன்னிலிருந்து கழற்றிவிட்டது. ரூபாயைப் பவுனோடு கட்டியே வைத்தார்கள். பொன் விலை ஏறியது. விளைபொருள் விலை ஏற்கெனவே விழுந்து கிடந்தது. வரி கட்டவும் கடன் தீர்க்கவும் வழியற்ற குடியானவர்கள் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றி விற்க, கோடி கோடி ரூபாய்ப் பெறுமான பொன் அந்தப் பத்தாண்டில் கப்பலேறியது. தங்கவயலின் சுரங்கங்கள் பல ஆண்டுகள் உழைத்தும் தோண்ட முடியாத பொன்னை, நாட்டுப்புறத்துப் பெண்களின் உடம்பிலிருந்தே தோண்டிவிட்டார்கள். 1932-இல் ஒட்டாவாவில் கூடி, சாம்ராஜ்யத்துச் சரக்குகளுக்குச் சுங்கத்தில் சலுகை தருவது என்று உடன்படிக்கை செய்தார்கள். அபிமானத்தால் வாங்காதவனைச் சுங்கத்தால் வாங்க வைக்கும் ஏற்பாடு அது. 1936-இல் டில்லி மத்திய சட்டசபை அந்த உடன்படிக்கையை முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தது.

சுதந்திரம் வந்தது. 1956-இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது; 1962-இல் அவை மத்திய நிதி அமைச்சகத்தின் கைக்குப் போயின; 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயர் வந்தது. கேப்டன்மார் கப்பலேறினார்கள். பொன் இனி சீமைக்குப் போகாது, நம் தாய்நாட்டுக்கே போகும் என்று தங்கவயல் பூரித்தது. அந்தப் பூரிப்பு உண்மையானது. அதை நான் கண்ணால் கண்டவன்.

ஆசாரியின் பட்டறைக்கு இப்போது திரும்புகிறேன். 1962-இன் இறுதியில், சீனப் படையெடுப்பின்போது, பிரதமர் நேருவின் வேண்டுகோளை ஏற்று நாடெங்கும் பெண்கள் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். தாத்தா போய்ச் சேர்ந்த பிறகும் ஆயா சரட்டை அவிழ்க்காமல் ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தாள். அதிலிருந்துதான் அந்த இரண்டு குண்டுகளை உருவினாள். எடையைத் தெரிந்துகொண்டு, கொடுப்பது கால் சவரன் என்று சொல்லிக் கொடுக்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசாரி இரண்டு மணி கம்மி என்றதும் அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். "நாம குடுக்கறது கொறயாத் தெரியக்கூடாதுடா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அடுத்த நாள் தன் மூக்குப்பொட்டையும் சேர்த்து வைத்துக் கணக்கைச் சரிசெய்துவிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சில வாரங்களில், 1963 ஜனவரியில், தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யக்கூடாது என்றார்கள். பொன் வாங்காமலிருப்பதே தேசபக்தி என்று ஆயிற்று. அந்த ஆசாரியின் அடுப்பு அணைந்தது. நாடெங்கும் பல்லாயிரம் பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பிழந்து தெருவுக்கு வந்தன, உயிரை விட்டவர்களும் உண்டு. கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, சட்டமே ரத்தானது 1990-இல்தான்.

ஆனால் தங்கவயலுக்கு நேர்ந்தது வேறு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மத்திய அரசின் கைக்கு வந்த பிறகு, சுரங்கங்கள் எடுத்த பொன்னைச் சந்தையில் விற்கவில்லை. அரசாங்கமே பல ஆண்டுகள் சர்வதேச நாணய நிதியத்தின் நிர்ணய விலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த விலை அவுன்ஸுக்கு 35 டாலர். 1966 நாணய மதிப்புக் குறைப்புக்குப் பிறகு பத்து கிராமுக்கு 84 ரூபாய் 39 பைசா. 1970-ஐ ஒட்டி நம் கடைத்தெருவில் அதே பத்து கிராம் ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு விற்றது. ரிசர்வுப் பொன்னைச் சேர்ப்பது தேசத்துக்கு அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. அப்படித் தேசத்துக்காகப் பாதி விலையில் பொன் கொடுத்த சுரங்கத்தை, அந்தப் பாதி விலையை வைத்தே வரவுசெலவு எழுதி, நஷ்டத்தில் ஓடும் சுரங்கம் என்று சொல்லிச் சொல்லித் தேய்த்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சுதேசிப் பொருளுக்கு வாங்குகிறவன் சற்றுக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்பதல்லவா அந்த விரதத்தின் விதி? இங்கே வாங்கியது தேசம். விற்றவன் சுரங்கத் தொழிலாளி. குறைந்த விலையை விற்றவன் தாங்கினான்.

1991-இல் அந்நியச் செலாவணி வறண்டுபோனபோது, ரிசர்வ் வங்கியின் கையிருப்பிலிருந்து ஏறக்குறைய 47 டன் பொன்னை விமானத்தில் ஏற்றி அடகுக்காக அனுப்பினார்கள். அதில் பெரும்பகுதி போய் இறங்கிய இடம் லண்டன். அந்தக் கட்டிகளில் எது எந்தச் சுரங்கத்துப் பொன் என்று பிரித்தறிய யாராலும் முடியாது. உருக்கிய பொன்னுக்கு ஊர்ப்பெயர் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு அன்று மாலை டீக்கடையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாண்டு கழித்து, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி, சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் இங்கிருந்து வெளிவந்த பொன் மொத்தம் ஏறத்தாழ 800 டன். இன்று நம் நாடு அயல்நாட்டிலிருந்து ஒரே ஆண்டில் இறக்குமதி செய்யும் பொன் கிட்டத்தட்ட அவ்வளவு.

இப்போது விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் நின்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகிறது. இருக்கை கிடைக்காதவர்கள் வாசற்படியில் தொங்குகிறார்கள். பாதையின் இருமருங்கிலும், பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவான சயனைட் மேடுகள் சாம்பல் நிறத்தில் குன்றுகளாகக் கிடக்கின்றன. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அந்தக் கழிவிலும் கொஞ்சம் பொன் மிச்சமிருக்கிறது என்று அதை ஏலம்விடப் பேசுகிறார்கள். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் எங்கள் வீட்டு வாசல் வரை வருகிறது.

எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அந்த மேடுகளை ஏலம் விடுவதற்கு முன்னால், நிதி அமைச்சகத்தில் யாரேனும் ஒருவர் பழைய பேரேடுகளை எடுத்து, 1962 முதல் தங்கவயல் எத்தனை கிலோ பொன்னை நிர்ணய விலைக்குக் கொடுத்தது, அன்றைய சந்தை விலையில் அது எவ்வளவு பெறும், வித்தியாசம் எவ்வளவு என்று ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுத வேண்டும். கூட்டல் கழித்தல் தெரிந்த ஒரு குமாஸ்தா ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை. அந்தத் தொகையில் ஒரு பகுதியை, இன்னும் இருமிக்கொண்டு சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் கிடக்கும் முதியவர்களுக்கு மருந்துக்கும், அந்த வீடுகளுக்குப் பட்டாவுக்கும், பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஒரு வேலைக்கும் ஒதுக்கட்டும். என் ஆயா தன் கணக்கில் இரண்டு குன்றிமணி குறைந்ததற்காக மூக்குப்பொட்டைக் கழற்றிச் சேர்த்தாள். வாங்கிக்கொண்டவர்களின் பக்கத்துத் தட்டை இன்னும் யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.